பித்தம் போன நங்கை

எங்கள் ஊரில் யாரையாவது திட்ட வேண்டியிருந்தால் எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். கேலிக்குச் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு வைத்தியரைத் தேடிப் போகிற மாதிரி, திட்டுவதற்கு என் அண்ணன் மனைவியைத் தேடி வருவார்கள். வாசலில் நின்று, "அக்கா இருக்குதுங்களா?" என்று தணிந்த குரலில் கேட்பார்கள். கேட்கிற தினுசிலேயே சங்கதி புரிந்துவிடும். "ஆருடா அவன்?" என்று உள்ளேயிருந்து பதில் கேள்வி வரும்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். ஊருக்கு அவர் அக்கா, எனக்கு நங்கை, அவருக்கு நான் சாமி. பெயர் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, ஆகவே இங்கேயும் அது வேண்டாம்.

கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு, அதில் தேவனூர் நாட்டில் எங்கள் ஊர். அது யுத்த காலம். மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறித்தான் வர வேண்டும். அப்படி ஏறி வந்த காட்டிலாகா கார்டு ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் அருவாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். விறகு வெட்டினதற்குத் தண்டனையாம். பறிகொடுத்தவர் கார்டிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். நங்கை அப்போது சாமைச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். அகப்பையை என் கையில் கொடுத்து, "அடி புடிக்காமப் பாத்துக்க சாமி, இதா வந்தர்றேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார்.

போகிற வழியிலேயே ஆரம்பித்துவிட்டார். அடுப்படியில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "ஒரு கட்டு வெறகுக்கு ஒரு அருவாளப் புடுங்குவயா? உன்ற ஊட்டுல அடுப்பே எரியறதில்லயா? உன்ற பொண்டாட்டி பச்சையாவா போடறா உனக்கு?" என்று தொடங்கி, கார்டின் காக்கிச் சட்டை, அதில் அறுந்துபோன பொத்தான், அதைத் தைத்துக் கொடுக்காத அவர் மனைவி, மகளை அந்த லட்சணத்தில் வளர்த்த மாமியார் என்று அது போய்க்கொண்டே இருந்தது. சோறு இறக்குவதற்குள் அருவாள் வந்துவிட்டது. அருவாளுக்குப் பின்னால் கார்டும் வந்தார். அவருக்கும் இலை போட்டார் நங்கை. சாப்பிடும்போதும் விடவில்லை. "இத்துனூண்டு திங்கறதுக்கா இத்தன மலையேறி வந்த? போடறதத் தின்னு" என்றார். அந்த மனிதர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோதெல்லாம் எங்கள் வீட்டில் தலையைக் காட்டாமல் அவர் போனதில்லை.

திட்டு வாங்காதவர் எங்கள் ஊரில் யாருமில்லை. மிகுதியாக வாங்கியவர் என் அண்ணன்தான். அவர் சாது. ஏரைத் திருப்பி மாட்டியதற்கு ஒரு திட்டு, மழையில் நனைந்து வந்ததற்கு ஒன்று, நனையாமல் எங்கோ ஒதுங்கி நேரம் கழித்து வந்ததற்கு ஒன்று. "ஏய்யா, தலையில தண்ணி சொட்டுதே, அது தலையா இல்லாட்டிக் கூரையா?" என்று கேட்டுக்கொண்டே துணியை எடுத்து அவர் தலையைத் துவட்டுவார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது.

மலையில் பெண்கள் பொதுவாக ஒல்லி. ஏறி இறங்குகிற உடம்பில் சதை எங்கே நிற்கும்? நங்கை மட்டும் விதிவிலக்கு. நல்ல கனத்த சரீரம். நடந்தால் காப்பும் கொலுசும் அழுத்தமாகச் சத்தம் போடும். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. "ஒல்லிக்குச்சி திட்டுனா ஆரு சாமி பயப்படுவாங்க? கொசு கத்துதுன்னு போயிருவாங்க" என்பார்.

இவ்வளவு திட்டினாலும், அவர் சொன்ன எதையும் யாரும் காரியமாக எடுத்துக்கொண்டதில்லை. அதற்கு ஒரு சொல் தயாராக இருந்தது. பித்தம். எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் பித்தம்தான். தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம், இளநரைக்குப் பித்தம், பாதம் பிளந்தால் பித்தவெடிப்பு. கோபமும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. "அந்தம்மாளுக்குப் பித்த ஒடம்புங்க" என்று சொல்லிவிட்டால் போதும், நங்கை அதுவரை பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும்.

ஒரு முறை அண்ணன் ஒரு நல்ல கிடாரிக் கன்றைக் குண்டனி நாட்டிலிருக்கும் எங்கள் தாய்மாமனிடம் வளர்ப்புக்குக் கொடுத்தார். நங்கை வாசலில் நின்று, அந்தக் கன்று இனி இந்தக் கட்டுத்தறிக்குத் திரும்பாது என்று கத்தினார். மாமன் சிரித்துக்கொண்டே, "பித்தம் தலைக்கேறிருச்சு மாப்ள. எலுமிச்சம்பழம் தேச்சுத் தண்ணி வாத்துக்கச் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கன்று திரும்பவில்லை. அது பசுவாகி, அங்கேயே ஈன்று, மாமன் வீட்டில் மோராகி முடிந்தது. அப்போதும் நங்கை சொன்னது சரிதான் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பித்தத்தில் வந்த வார்த்தையைச் சரி என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அவருக்கு நோவு வந்தபோதும் பித்தம் என்றே சொன்னார்கள். ஊர் நோன்புத் திருவிழாவில் பன்றி வெட்டிச் சாப்பிட்ட மறுநாள், வலது விலாவுக்குக் கீழே வலி கண்டு சுருண்டு படுத்தார். இஞ்சிச்சாறு கொடுத்தார்கள், சீரகம் வறுத்துக் கொடுத்தார்கள், தணிந்தது. மறுபடி வந்தது. அடுத்தடுத்த தடவைகளில் வலி முதுகுக்கும் தோளுக்கும் ஏறியது. கடைசியில் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் மஞ்சள் இறங்கவில்லை. அன்றுதான் நங்கை முதல் முறையாக யாரையும் திட்டாமல் ஒரு பகல் முழுவதும் கிடந்தார். அண்ணன் பயந்துபோனார். கம்பளியில் தொட்டில் கட்டி, ஆள் மாற்றி ஆள் தூக்கி, காரவள்ளிக்கு இறக்கினோம். அங்கிருந்து மாட்டு வண்டி, அப்புறம் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ், கடைசியில் டவுன் ஆஸ்பத்திரி. தூக்கினவர்களைப் பார்த்து அவர், "பாத்துப் போங்கடா, நான் என்ன பலாப்பழமா" என்று முனகினார். அதைக் கேட்டதும் எங்களுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

நான் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் தங்கிப் படித்தவன். மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் அப்போது எழுத்து வேலை பார்த்தேன். ஆகவே ஆஸ்பத்திரியில் பேசுகிற வேலை என்னுடையதாயிற்று. டாக்டர் நல்ல மனிதர், தமிழர், நிதானமாகப் பேசுபவர். "பித்தப்பையில கல் இருக்கு. பையோட எடுத்துட்டா மறுபடி வராது" என்றார். நான் அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அண்ணனுக்குக் கல் பெரிதாகப் படவில்லை. "பித்தத்துக்குன்னு தனியா ஒரு பையே வெச்சிருக்குதா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

தராசில் ஏறச் சொன்னபோது நங்கை, "மூட்டையா நானு, நிறுத்து வாங்கறதுக்கு?" என்று மறுத்துவிட்டார். நான் கெஞ்சி ஏற்றினேன். ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர் சிரித்துக்கொண்டே, "மயக்க மருந்து குடுக்கும்போது உங்க அண்ணி என்னை ஏதோ ரொம்ப நேரம் சொன்னாங்க. பாதி எனக்குப் புரியல. நல்லதுதானே சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டார். நான் ஆமாங்க என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று சங்கதிகள் சொன்னார். கொஞ்ச நாளைக்குக் கொழுப்பு ஆகாது. எண்ணெய், நெய், பன்றிக்கறி எல்லாம் தள்ளி வைக்க வேண்டும். உடம்பு இளைக்கும், பயப்பட வேண்டாம், பிறகு நின்றுவிடும். மூன்றாவது, பை போனாலும் பித்தம் போகாது. அது ஈரலில் ஊறிக்கொண்டேதான் இருக்கும், பை வெறுமே சேர்த்து வைக்கிற இடம். இந்த மூன்றையும் நான் ஊருக்கு வந்து ஒழுங்காகச் சொன்னேன். முதலாவதைக் கேட்டுச் சிரித்தார்கள். "அக்காவுக்குக் கொழுப்பு ஆகாதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரா?" என்று ஊரெல்லாம் அதே பேச்சு. இரண்டாவதைக் கண்ணால் பார்த்தார்கள். மூன்றாவதை ஒருவரும் நம்பவில்லை. பித்தப்பையை வெட்டி எடுத்த பிறகு பித்தம் எங்கிருந்து வரும் என்று என்னையே மடக்கினார்கள். மருந்துப் புட்டியில் போட்டுக் கொடுத்த கற்கள் சுண்டைக்காய் அளவில் கரும்பச்சையாக இருந்தன. வீடு வீடாகப் போய் வந்தன. "இதுதான் கோவங்களா?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

உடம்பு இளைத்தது. டாக்டர் சொன்ன இளைப்பைவிட அதிகம் என்றே எனக்குத் தோன்றியது. வலி திரும்பிவிடுமோ என்கிற பயத்தில் நங்கை கேழ்வரகுக் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஆயுசுக்கும் என்று விழுந்திருந்தது. சேலை இன்னும் ஒரு சுற்று வந்தது. கைக்காப்பு முழங்கை வரை ஏறி இறங்கியது, பிறகு கழற்றி வைத்துவிட்டார். மெட்டி கழன்று விழாமலிருக்க நூல் சுற்றிக்கொண்டார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகி, வேறு யாரோ ஒரு பெண் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருப்பது போல இருந்தது. உரலில் நாலு குத்து குத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அத்துடன் திட்டுவதும் நின்றுபோனது. குரலை உயர்த்தினால் தையல் போட்ட இடம் இழுத்துப் பிடித்தது என்பது ஒரு காரணம். ஆனால் ஊர் அதை ஏற்கவில்லை. பை போனது, பித்தம் போனது, கோபமும் போனது. கணக்கு நேராக இருந்தது. சில பெண்கள் என்னிடம் தனியாக வந்து, ஆம்பளைகளுக்கும் அந்த ஆஸ்பத்திரியில் எடுப்பார்களா, எத்தனை நாள் தங்க வேண்டும் என்று விசாரித்தார்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், நங்கையும் அதை நம்பினார். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆடு எங்கள் அவரைப் பந்தலைப் பாதி மேய்ந்துவிட்டது. நங்கை குச்சியோடு ஓடி வந்து ஆட்டின் எதிரில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஆடு அவரைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் தின்றது. நான் போய் விரட்டினேன்.

"கோவம் வரல சாமி" என்றார். "எல்லாக் கேள்வியும் வாய்க்கு வருது. உள்ளருந்து ஒண்ணும் கெளம்பி வரல."

"ஒடம்பு தேறுனா வந்துரும்ங்க. பித்தம் ஈரல்ல ஊறுதுன்னு டாக்டர் சொன்னாரில்லீங்க?"

"பானையே இல்லாம ஊத்துத் தண்ணி எங்க சாமி நிக்கும்? ஊற ஊற ஒழுகித்தான் போகும்" என்றார்.

கோபம் இல்லாத மனுஷி என்று தெரிந்துவிட்டால் ஊர் என்ன செய்யும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் களத்தில் பிறத்தியார் சாமை காய்ந்தது. இரவல் போன உலக்கை திரும்பவில்லை. அதைவிட மோசம், அவர் எதிரிலேயே எதை வேண்டுமானாலும் பேசினார்கள். "இந்த ஒடம்பு ஆடி மாசத்தத் தாண்டாது" என்று அவரை உட்கார வைத்துக்கொண்டே சொன்னார்கள். அவர் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணனும் அந்த நாட்களில் ஒரு காரியம் செய்தார். செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு வார்த்தை சொன்னார். சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே, "ஊடு இப்பத்தான்டா அமைதியா இருக்குது" என்றார். நங்கை பக்கத்தில்தான் இருந்தார். எனக்கு அன்று அண்ணன்மேல் வந்த கோபத்தை நங்கைக்குக் கடனாகக் கொடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அந்த அமைதியில்தான் குண்டனி நாட்டு மாமன் வந்து சேர்ந்தார். அவருக்குப் புருஷனை விட்டு வந்துவிட்ட மகள் ஒருத்தி இருந்தாள். உழைப்பாளி, நல்ல பெண். அவளை அண்ணனுக்கு இரண்டாவதாகக் கட்டிவிடலாம் என்பது மாமன் யோசனை. எங்கள் பக்கத்தில் இரண்டு பெண்டாட்டி அதிசயமில்லை. "காடு தரிசாக் கெடக்குது, உரல்ல ஒரு மொறம் குத்த ஆளில்ல. எத்தன நாளைக்கு மாப்ள இப்பிடி?" என்றார். இதையும் நங்கை எதிரில்தான் சொன்னார். முன்பு அவர் எங்கள் வாசலில் காலை வைக்கும்போதே எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்துக்கொண்டு நுழைந்தவர்.

அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தால் சரி என்று அர்த்தம். மாமன் நாள் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்த நங்கை என்னைக் கூப்பிட்டார். துணி சின்னதுதான், அதைப் பிழியவே அவருக்கு மூச்சு வாங்கியது.

"அவ வந்தா எனக்கு அந்த ஊட்டுல என்ன சாமி வேல? கொட்டாய்ல ஒரு மூல குடுப்பாங்க. செத்துப் போயிட்டாப் பரவால்ல. சாவாம இருந்துட்டன்னா என்ன பண்றது?"

நான் அண்ணனிடம் பேசுவதாகச் சொன்னேன்.

"நீ பேசி ஆவறதில்ல. எனக்குக் கோவம் வந்தாப் போதும், மத்தத நாம் பாத்துக்குவேன். ஒரே ஒருக்கா வந்தாப் போதும்" என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் தாரம் கட்டுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. கோயில் முன்னால் இருக்கும் பாறையில் ஊர் கூடும். மூத்தவள் வந்து எல்லோர் எதிரிலும் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊர்க்கவுண்டர் வெற்றிலை பாக்கு மாற்றுவார். ஒப்புக்குக் கேட்கிற கேள்விதான் அது. வேண்டாம் என்று எந்த மூத்தவளும் சொன்னதில்லை என்றில்லை. சொல்லியிருக்கிறார்கள், அழுது, மண்ணை வாரித் தூற்றி, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். "ஆத்தரத்துல பேசறா, பித்தம் எறங்குனாச் சரியாயிரும்" என்று ஊர் அதைத் தள்ளிவிட்டுப் பாக்கை மாற்றிவிடும்.

அன்று மாமன் தன் ஆட்களோடு வந்திருந்தார். தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும் இருந்தன. அண்ணன் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நங்கை மெதுவாக ஏறி வந்து பாறையின் நடுவில் நின்றார். காற்று அடித்ததில் அவர் சேலை அவரைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஊர்க்கவுண்டர் வயதானவர், நல்லவர், ஆனால் சீக்கிரம் முடித்துவிட்டுக் காட்டுக்குப் போக நினைப்பவர். "மூத்தவ நீதானம்மா. ஒரு வார்த்த சரின்னு சொல்லிரு கண்ணு" என்றார்.

"சொல்றனுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கறனுங்க" என்றார் நங்கை. குரல் தாழ்வாக இருந்ததால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். "ஏனுங்க, எனக்குப் பித்தம் இருக்குதுங்களா?"

சிரிப்பு எழுந்தது. கவுண்டரும் சிரித்தார். "எங்கிருந்தம்மா இருக்கும்? அதத்தான் ஆஸ்பத்திரில எடுத்துப் போட்டாங்களே. கல்லக்கூட எங்கூட்டுக்குக் கொண்டாந்து காட்டுனாங்க."

"கோவம் இருக்குதுங்களா?"

"அதும் போயிருச்சு. ஊருக்கே தெரியுமே."

மாமன் குறுக்கே புகுந்து, "அந்தத் தைரியத்துலதானுங்க எம்புள்ளயவே குடுக்கறேன்" என்றார். மறுபடி சிரிப்பு.

நங்கை சிரிப்பு அடங்குகிற வரை காத்திருந்தார். "அப்ப இப்ப நான் பேசறது பித்தத்துல பேசறதில்லீங்க."

"இல்லம்மா."

"கோவத்துல பேசறதில்லீங்க."

"இல்ல கண்ணு, சொல்லு."

"எனக்குச் சம்மதமில்லீங்க."

கவுண்டர் சரியாகக் காது கேட்காதவர் போல முன்னால் குனிந்தார். நங்கை அதே குரலில், அதே அளவில் இன்னொரு தடவை சொன்னார். பிறகு, "வேலைக்கு ஆள் பத்தலீன்னாக் கூலிக்கு வெச்சுக்கட்டும். நான் எளச்சுத்தான் போயிருக்கறனுங்க. செத்துப் போவுல" என்றார்.

மாமன் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா கவுண்டரே, இது பித்த..." என்று ஆரம்பித்தவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். வேறு எந்தச் சொல்லைச் சொல்லி நங்கையின் வார்த்தையைத் தள்ளுவது என்று மாமனுக்கும் தெரியவில்லை, அவரோடு வந்தவர்களுக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் அதற்கு இருந்தது அந்த ஒரு சொல்தான்.

கவுண்டர் மாமன் பக்கம் திரும்பினார். "மூத்தவ ஆத்தரத்துல சொல்லியிருந்தா நாஞ் சமாதானம் பண்ணியிருப்பேன். நிதானமா வேண்டாங்கறா. இதுக்கு மேல நான் பாக்கு மாத்துனா நல்லாருக்காதுப்பா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாமன் வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குண்டனிக்கு நடந்தார்.

இறங்கி வரும்போது நான் நங்கையிடம், நிஜமாகவே கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"ஒடம்பெல்லாம் ஒதறுச்சு சாமி. அது கோவமா பயமான்னு எனக்கே தெரீல. எதா இருந்தாலும் வெளிய தெரியாமச் சொல்லிப்போடோணும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

அவருக்குப் பெருமையாக இருந்ததா என்றால் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்று சொல்லி, கஞ்சியோடு ஒரு துண்டு கருவாடும் சுட்டுத் தின்றார். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. தோட்டத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அண்ணன் அன்று பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். நங்கை அவருக்கு முன்னால் கஞ்சியை வைத்தார். அண்ணன் அதைத் தொடவில்லை. "நான் பண்ணுனது தப்புத்தான். என்னை நாலு வார்த்த திட்டிரு" என்றார்.

"எதுக்குங்க திட்டறது? கோவமே இல்லீங்களே" என்றார் நங்கை. "கஞ்சி ஆறிப்போவுதுங்க, குடிங்க."

அண்ணனை அவர் "ஏனுங்க" என்றும் "வாங்க" என்றும் பேச ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சோறு, துவைத்த வேட்டி, குளிக்க வெந்நீர். அண்ணன் நனைந்து வந்தால் துண்டை எடுத்துக் கையில் கொடுப்பார். வருகிறவர்கள் அண்ணனைப் பார்த்து, கொடுத்து வைத்தவர் என்றார்கள்.

உடம்பு ஓரிடத்தில் இளைப்பதை நிறுத்திவிட்டது. கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் நங்கை பயந்து பயந்து ஒரு வாய் கறி தின்று பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி உரலில் கை போட்டார், களையெடுக்கப் போனார். ஆனால் பழைய சரீரம் வரவே இல்லை. கடைசி வரை ஒல்லியாகவே இருந்தார். ஆடியும் போயிற்று, அதற்குப் பிறகு பல ஆடிகளும் போயின. ஆடியைத் தாண்டாது என்று சொன்னவர்கள் சிலர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.

மறு வருஷம் பலா பழுக்கிற சமயம். நானும் அண்ணனும் கீழ்க்காட்டில் வேலி கட்டிக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த முள்ளை அப்படியே போட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பலா மரத்தடியில் நங்கை நின்றிருந்தார். மரத்தின்மேல் ஒரு பெரிய குரங்கு பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "எறங்குடா எடுபட்டவனே. உங்கப்பன் வெச்ச மரமா இது? தின்னறதுதான் தின்ன, ஒரு பழத்த முழுசாத் தின்னு போட்டு அடுத்ததத் தொட்டா ஆவாதா? எல்லாத்தயும் கடிச்சுக் கடிச்சுப் போட்டா உன்ற பொண்டாட்டி புள்ள எதைத் திங்கும்? அதக்கூட யோசிக்காத நீயெல்லாம் ஒரு குடும்பஸ்தனா?" அந்த ஒல்லி உடம்பிலிருந்து அதே குரல் வந்தது. மலை அதைத் திருப்பிச் சொன்னது.

அண்ணன் மூச்சிரைக்க அவர் பக்கத்தில் போய் நின்றார். உடம்பெல்லாம் மண், வேட்டி முள்ளில் கிழிந்து தொங்கியது, நெற்றியில் ரத்தக் கோடு. நின்று, நங்கையின் முகத்தையே பார்த்தார். திட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமாக ஒரு மனிதர் வந்து நின்றுவிட முடியாது.

நங்கை அவரைப் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது.

"வேட்டி கிழிஞ்சு போச்சுங்களே. மாத்து வேட்டி கொடியில காயுதுங்க. கட்டிக்கங்க" என்றார். மறுபடியும் குரங்கின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் என்னோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வேலியோரம் உட்கார்ந்து, போட்ட முள்ளைத் திரும்பக் கையில் எடுத்தார். மேலே திட்டு தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அது ஓய்கிற வரை அவர் வேலை செய்யவில்லை.

"அந்தக் கொரங்கு குடுத்து வெச்சதுடா" என்றார்.